ஏஐ பற்றிய கலக்கத்தையே டிஜிட்டல் ஓவியமாக்க முடியுமா?

வேலூரில் கணினியில் ஓவியம் வரையும் உங்கள் தங்கை, "ஏஐ வந்தபிறகு நான் எதற்கு?" என்ற கலக்கத்தையே படைப்பாக்க நினைக்கிறார், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். சிவப்புக் கண் ரோபோ மட்டும் வேண்டாம், பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

பிரிட்டிஷ் கலைஞர் அன்னா ரிட்லர் 2018-இல் சுமார் 10,000 துலிப் மலர்களைத் தானே படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் கையால் குறிப்பு எழுதிக் காட்சிக்கு வைத்தார். இப்படிக் குறிப்பு எழுதிய படங்களைப் பார்த்துத்தான் ஏஐ கற்கிறது; அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் மனித உழைப்பு அப்படியே கண்முன் வந்தது. எனக்கு இந்த வழிதான் ரொம்பப் பிடிக்கும். 2023-இல் ஜெர்மன் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் ஏஐ உருவாக்கிய படத்தைச் சோனி உலகப் புகைப்பட விருதுக்கு அனுப்பினார், வென்றார், ஏஐ படமும் புகைப்படமும் ஒன்றல்ல என்று சொல்லிப் பரிசை மறுத்தார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்கள் இருக்கின்றன. செதுக்கிய கைகள் யாருடையவை என்று நாம் கேட்பதே இல்லை. ஏஐ யார் யார் ஓவியங்களைப் பார்த்துக் கற்றது என்பதும் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. தங்கை ஒரு யாளியைத் தானே வரையட்டும். அதே யாளியை ஏஐயிடமும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைக்கட்டும். ஏஐக்கு எது பிடிபடவில்லை, எது பயமுறுத்தும் அளவுக்குப் பிடிபட்டது என்று ஓரத்தில் தன் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.