வளைந்த கியர் லீவரை நிமிர்த்த ஒரு கைக்கருவி

கேள்வி: வயல் வரப்பில் மோட்டார் சைக்கிள் இடப்புறமாகச் சாய்ந்ததில் கியர் லீவர் உள்ளே வளைந்து, இன்ஜின் மூடியை உரசுகிறது. இதே நிலையில் இருந்த நண்பரின் வண்டியில், லீவரைக் கழற்றாமலே சுத்தியலால் அடித்து நிமிர்த்திய பிறகு ஆயில் கசியத் தொடங்கிவிட்டது. வீட்டிலேயே பாதுகாப்பாக நிமிர்த்தக் கருவி ஏதேனும் செய்துகொள்ள முடியுமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: முடியும். நண்பரின் வண்டியில் தவறு எங்கே நேர்ந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். லீவர் வண்டியில் இருக்கும்போது அதன்மேல் விழும் ஒவ்வொரு அடியும் அது மாட்டியிருக்கும் ஷாஃப்டுக்கும் (இன்ஜினிலிருந்து வெளியே நீளும் தண்டு), ஷாஃப்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலுக்கும் போய்ச் சேருகிறது. லீவர் நிமிர்வதற்குள் ஷாஃப்ட் வளைந்துவிட்டால் சீல் ஒரு பக்கமாகத் தேய்ந்து கசியும். ஆகவே ஷாஃப்டின் பற்களில் லீவர் எந்த இடத்தில் பொருந்தியிருக்கிறது என்று பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, போல்ட்டை முழுவதுமாக உருவி, லீவரைத் தனியே கழற்றிக்கொள்ளுங்கள்.

கட்டட வேலையில் கம்பி வளைப்பவர்கள் கையில் இரண்டு கொம்புகளுடன் ஒரு கருவி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு வேண்டியதும் ஏறத்தாழ அதுவே. 40 மி.மீ. அகலமும் 12 மி.மீ. கனமும் உள்ள பட்டை இரும்பில் 600 மி.மீ. நீளம் காயலான் கடையிலேயே கிடைக்கும். அதன் ஒரு முனையில் 16 மி.மீ. துளைகள் மூன்றைப் போட்டு, அதே அளவுள்ள உருண்டைக் கம்பித் துண்டுகளைக் கொம்புகளாக ஒரு பக்கம் 40 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்குமாறு செருகி, பட்டையின் இரு பக்கமும் வெல்டிங் வைத்துவிடுங்கள். துளை போடச் சோம்பி, பட்டையின் மேலேயே கம்பியை நிறுத்தி ஒட்டினால் பாரம் ஏறும்போது கம்பி பிய்த்துக்கொண்டு வரும். முதல் இரண்டு கம்பிகளுக்கு நடுவே 12 மி.மீ. இடைவெளியும், அடுத்ததற்கு 16 மி.மீ. இடைவெளியும் விட்டால், மெல்லிய லீவர், தடித்த லீவர் இரண்டுக்கும் ஒரே கருவி போதும்.

நீளத்தைக் குறைக்க வேண்டாம். 12 மி.மீ. உருண்டையான சாதாரண இரும்புக் கம்பியை வளைக்க, 600 மி.மீ. பிடியில் ஏறத்தாழ 12 கிலோ அளவுக்கு இழுத்தால் போதும். பிடி பாதியானால் அதைப்போல் இரு மடங்கு இழுக்க வேண்டியிருக்கும், கை நடுங்கும்போது அளவும் தவறும்.

அதே மாடல் வண்டி ஒன்றின் லீவரை அட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டிக்கொண்டால் அதுவே உங்கள் அளவுகோல். கண்மதிப்பை நம்பி நிமிர்த்தியவர்கள் பெரும்பாலும் வளைவை இடம் மாற்றி வைத்திருப்பார்கள். லீவரை வளைவுக்குச் சற்று முன்பாக வைஸில் (பட்டறை மேசையில் பொருத்தும் இறுக்குப்பிடி) அலுமினியத் தகடு வைத்துப் பிடித்து, வளைவுக்கு மறுபுறம் கொம்புகளை மாட்டி மெதுவாக இழுங்கள். ஷாஃப்டில் மாட்டும் பிளவுபட்ட வளையத்தை மட்டும் வைஸில் நெரிக்கக் கூடாது. கையை எடுத்ததும் இரும்பு சிறிது பின்வாங்கும் என்பதால், இழுப்பதும் அட்டையோடு ஒப்பிடுவதுமாகச் சிறிது சிறிதாகவே முன்னேற வேண்டும். அதிகமாக இழுத்துவிட்டுத் திருப்பி வளைப்பதுதான் விரிசலுக்கு வழி.

நிமிர்ந்த பின் வளைவு இருந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் தங்கிய எண்ணெய் பொடியில் கோடாக ஊறித் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த லீவரைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

கேள்வி: இதே கருவியால் முன் ஃபோர்க் பைப்பையும் கிளட்ச் லீவரையும் நிமிர்த்தலாமா? கேஸ் வைத்துச் சூடாக்கினால் எளிதாக இருக்குமே?
– வாசகி, பழனி

பதில்: இரண்டும் வேண்டாம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பைப் உள்ளீடற்றது. கொம்பு அழுத்தும் இடத்தில் நசுங்கும், மேலுள்ள குரோம் பூச்சு வெடித்தால் அதுவே ஆயில் சீலை அறுக்கும். கிளட்ச் லீவர் அலுமினிய வார்ப்பு. நிமிர்ந்ததுபோல் தெரிந்து, அவசரத்தில் அழுத்தும்போது முறியும். சூடு வைத்தால் கடினப்படுத்தப்பட்ட பாகம் தன் உறுதியை இழக்கிறது. இரும்பு நீலம் பாயும் சூட்டில், அதாவது சுமார் 300 டிகிரி செல்சியஸில், வளைத்தால் குளிர்ந்த நிலையைவிட எளிதில் விரிசல் விடவும் கூடும். காலால் மிதிக்கும் பிரேக் பெடலை ஒருமுறை, அதுவும் லேசான வளைவாக இருந்தால் மட்டும் இதே முறையில் நிமிர்த்தலாம். இரண்டாம் முறை வளைந்தால் புதியதாக வாங்கிவிடுங்கள்.