கூண்டு ஏற்றிய கேப்டன்

அன்புள்ள ஐயா,

டார்வினை பீகிள் கப்பலில் அழைத்துச் சென்ற கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் பற்றிப் படித்தேன். டார்வினுக்கு உதவிவிட்டோமே என்ற குற்றவுணர்வில்தான் அவர் தற்கொலை செய்துகொண்டாரா? கடைசிக் காலத்தில் வானிலை சொல்லப் போய்ப் பெயரையும் கெடுத்துக்கொண்டாராம். நம் ஊர் வானிலை அறிக்கை போலத்தான் போலிருக்கிறது!

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

ஒரு வாரமாக இங்கே மழை. ஃபிட்ஸ்ராயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

1860-இல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் அவர் டார்வினின் பரிணாமம் பற்றிய நூலைக் கண்டித்துப் பேசினார். ஆனால் 1865-இல் நேர்ந்த சாவை அதோடு முடிச்சுப் போடுவது கதை கட்டுவது. கைப்பணம் கரைந்து, உடல் தளர்ந்து, மனம் சோர்ந்திருந்த மனிதர் அவர். அவர் போனபின் அவருடைய குடும்பத்துக்காக மற்றவர்கள் திரட்டிய நிதிக்கு டார்வின் நூறு பவுண்டு கொடுத்தார். இது போதும்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அதை எழுதும்போது கை கூசவில்லையா?

1859 அக்டோபரில், மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்குத் திரும்பிய ராயல் சார்ட்டர் கப்பல் வேல்ஸின் ஆங்கிள்சி கரையில் புயலில் சிக்கி உடைந்தது. ஊரை நெருங்கிவிட்ட நானூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அப்போது வானிலைத் துறையின் பொறுப்பில் இருந்தவர் ஃபிட்ஸ்ராய். புயலை முந்திக்கொண்டு தந்தி போகுமே, முன்கூட்டியே சொல்லலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1861 பிப்ரவரியில் முதல் எச்சரிக்கை போனது. துறைமுகக் கம்பத்தில் கான்வாஸ் கூம்பு ஏறும். முனை மேலே இருந்தால் வடக்கிலிருந்து சூறைக்காற்று, கீழே இருந்தால் தெற்கிலிருந்து. இரவில் விளக்குகள். அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் ‘டைம்ஸ்’ நாளிதழில் பொதுமக்களுக்கான வானிலை வந்தது. தான் சொல்வது ஜோசியமோ தீர்க்கதரிசனமோ அல்ல என்று வற்புறுத்தி, அதற்காகவே ‘ஃபோர்காஸ்ட்’ என்ற சொல்லை எடுத்தார். அப்படியும் பலிக்காத நாட்களில் உங்களைப் போலவே சிரித்தார்கள். அவர் போனபின், 1866-இல், அறிஞர் குழு ஒன்றின் அறிக்கையை நம்பிப் புயல் எச்சரிக்கையை நிறுத்தினார்கள். கடலோடிகள் விடவில்லை. மறு ஆண்டே கூம்பு திரும்பவும் ஏறியது.

இந்தியாவில் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை வந்தது 1865-இல், அவர் இறந்த அதே ஆண்டில். நாம் ‘மூன்றாம் எண் கூண்டு’ என்று செய்தியில் கேட்பது அந்த வழியில் வந்ததுதான்.

என் தாத்தா கடலூர் முதுநகரில் மீன் பிடித்தவர். மழைக்காலத்தில் ஆத்தா அடுப்பு பற்றவைக்கும் முன் தெருமுனைக்குப் போய்க் கம்பத்தைப் பார்த்துவிட்டு வருவார். எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு நாள் கூண்டு ஏறியது. வெயில் சுள்ளென்று அடித்தது, காற்றே இல்லை. இரண்டாம் நாள் தாத்தா பொறுமையிழந்து துடுப்பைத் தேடினார். ஆத்தா அதைப் பாயில் சுருட்டி, அதன்மேலேயே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தாத்தா கத்தினார். ஆத்தா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்று நாளும் கஞ்சிதான். புயல் வரவில்லை.

அந்த மூன்று நாளை ஆத்தா ஒருமுறைகூடக் குறையாகச் சொன்னதில்லை, ச. கார்த்திகையில் கடலூர்ப் பக்கம் வந்தால் எழுதுங்கள். அந்தத் தெருமுனைக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.