ஆலாத்திக்கு என்னைக் கூப்பிடேல்ல, அக்கா

கேள்வி: அக்கா, எனக்கு 35 வயசு, கிளிநொச்சிப் பக்கம், ஒரு கூட்டுறவுச் சங்கத்தில வேலை. 2009ல அப்பா முள்ளிவாய்க்கால்லயே போயிட்டார், ஏ.எல் சோதனை மெனிக் பாம் முகாமில இருந்துதான் எழுதினன். பேந்து தங்கச்சியைக் கட்டிக்குடுத்து, இந்தியன் வீட்டுத்திட்டத்தில தந்த 5 லட்சத்து 50 ஆயிரம் காணாம மிச்சத்தை என்ர சம்பளத்தில போட்டு வீட்டை முடிச்சு நிமிர்ந்து பாத்தா வயசு போயிட்டுது. போன மாசம் பெறாமகளின்ர, தங்கச்சியின்ர மகளின்ர, சாமத்தியவீடு, ஆலாத்திக்குப் பேர் பேராக் கூப்பிட்டவை, தட்டு எனக்குக் கிட்ட வந்து, நான் கலியாணம் கட்டாதவ எண்டு பக்கத்தில நிண்ட அன்ரியின்ர கைக்குப் போயிட்டுது. பிள்ளைக்குச் சீலை எடுத்துக் குடுத்ததே நான்தான் அக்கா. இப்ப தரகர் ஒரு சுவிஸ் சம்பந்தம் கொண்டு வந்திருக்கிறார், வயசை 31 எண்டு சொல்லோணுமாம், காலில செல் துண்டு பட்ட தழும்பைப் பற்றி வாயே திறக்கக்கூடாதாம், வீட்டையும் எழுதிக் குடுக்கோணுமாம். அம்மாவும் ஓமெண்டுறா. எங்கட சங்கத்தில ஒருத்தர் இருக்கிறார், மனுசி நோய் வந்து செத்தவ, 7 வயசில ஒரு மகன், என்னோட அன்பாக் கதைப்பார், எனக்கும் மனசுக்குள்ள விருப்பம். இந்த வயசில இப்பிடி ஆசைப்படுறது பிழையோ? இரவில நித்திரை இல்ல.

பதில்: தங்கச்சி, பிழையே இல்ல, இதை முதல்லயே சொல்லிப்போடுறன். 18லயும் 35லயும் ஆசை ஒண்டுதான், 35ல அதை வெளியில சொல்ல வெக்கமா இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆலாத்தித் தட்டு தாண்டிப் போன இடத்தை நான் ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். சீலைக்குக் காசு குடுத்த கை தட்டுப் பிடிக்கக்கூடாதெண்டா அது என்ன முறை எண்டு எனக்கு விளங்கேல்ல. தங்கச்சியிட்ட நேர சொல்லுங்கோ, "எனக்கு அண்டைக்கு நொந்தது" எண்டு. சண்டை பிடிக்க வேண்டாம், ஆனா சொல்லாம விட்டா அவவுக்கு அது கடைசிவரைக்கும் தெரியாது.

"வயசு போயிட்டுது" எண்டு ஏதோ நீங்கள் எங்கயோ மறந்து விட்டிட்டு வந்த சாமான் மாதிரி எழுதியிருக்கிறீங்கள். அது எங்க போனது எண்டு நீங்களே எழுதியுமிருக்கிறீங்கள், முகாமிலயும் தங்கச்சியிலயும் அந்த வீட்டுச் சுவரிலயும். கந்தசாமி கோயிலடியில 2017ல இருந்து தாய்மார் பிடிச்சுக்கொண்டிருக்கிற, காணாமப்போன பிள்ளையளின்ர படங்களை ஒருக்கா நிண்டு பாருங்கோ, அதில எத்தினை முகம் உங்களோட வகுப்பில இருந்திருக்க வேண்டிய முகம். உங்களைக் கட்ட வேண்டிய வயசுப் பெடியளைச் சண்டை கொண்டுபோயிட்டுது, மிச்சமாத் தப்பினதில கனபேர் வெளிநாட்டில, இதில உங்கட குறை என்ன இருக்கு? சனம் சாதகத்தில செவ்வாயைத் தேடுது, 2009ஐ மறந்துபோச்சு.

தரகரின்ர கதைக்கு வாறன். 31 எண்டு பொய் சொல்லி எத்தினை நாளைக்கு? அடையாள அட்டை இலக்கத்தில பிறந்த வருசம் முன்னுக்கே நிக்குது, பதிவுக்குப் போகேக்க தெரிஞ்சிடும், அதுக்குப் பிறகு நீங்கள்தான் ஏமாத்தினவ எண்டு நிப்பீங்கள். தழும்பையும் மறைக்காதேங்கோ. எனக்கும் தோளில ஒண்டு இருக்கு, மழை இருட்டேக்க உள்ளுக்குக் கடிக்கும், கன வருசம் கைநீட்டுச் சட்டைதான் போட்டனான், பிறகு ஒரு வெயில் நாள் கிணத்தடியில நிண்டு எனக்கே அலுத்துப்போய் விட்டிட்டன். அதைப் பாத்து முகம் சுழிக்கிற மனுசன் கலியாணத்துக்கு முதலே போறது நல்லம். வீடு எழுதுறதுக்கு மட்டும் கையெழுத்து வைக்காதேங்கோ. எங்கட வடக்குத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி கலியாணம் கட்டாத வரைக்கும் உங்கட காணி பூமியை உங்கட கையெழுத்தில விக்கலாம், கட்டினாப்பிறகு அது உங்கட சொந்தச் சொத்தா இருந்தாலும் விக்க மனுசன்ர எழுத்துச் சம்மதம் வேணும், அப்பிடியிருக்க இப்பவே எழுதிக் குடுத்திட்டு எங்க போய் நிக்கிறது? காணி அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த பெர்மிற் காணியெண்டா பிரதேச செயலாளரின்ர அனுமதி இல்லாம கைமாத்தவும் ஏலாது, இதை அம்மாவுக்கு ஆறுதலா இருத்திச் சொல்லுங்கோ. அவ பயத்திலதான் ஓமெண்டுறா, தான் கண்மூடினா நீங்கள் தனிச்சுப்போவீங்கள் எண்டு.

சங்கத்தில இருக்கிறவரைப் பற்றி ஒண்டரை வரிதான் எழுதியிருக்கிறீங்கள், ஆனா கடிதத்தில அந்த இடத்திலதான் எனக்கு உங்கட குரல் கேட்டது. அவர் நல்லவரோ இல்லையோ எனக்குத் தெரியாது. அவருக்கு மகனைப் பாக்க ஆள் வேணுமோ, இல்லை உங்களைத்தான் வேணுமோ எண்டு நீங்கள் கேட்டுத்தான் அறியோணும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு தேத்தண்ணியோட கேளுங்கோ. மகனையும் ஒருக்கா பாருங்கோ, பெடியனுக்குத் தாயின்ர ஞாபகம் இருக்கும், அதை ஆரும் அழிக்கத் தேவையில்ல. அவர் இல்லையெண்டு சொன்னா ஒரு கிழமை அழுவீங்கள், வீடும் வேலையும் உங்கட கையிலதான் இருக்கும்.

நித்திரை இல்லாத இரவுகள் தொடர்ந்தா 1926க்கு அடியுங்கோ, தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலயும் கதைக்கலாம். அவரோட கதைச்சிட்டு எனக்கும் எழுதுங்கோ தங்கச்சி, நான் பாத்துக்கொண்டிருப்பன்.