பச்சை ஓக்கில் கொட்டகை: ஈரம் காயாமல் கட்டலாமா?

கேள்வி: இங்கிலாந்தில், எசெக்ஸில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறோம். அந்தப் பக்கத்துப் பழைய பாணியில் ஓக் சட்டமும் பலகைச் சுவருமாக ஒரு வைக்கோல் கொட்டகை போட ஆசை. மரம் அறுப்பவரோ ஈரம் காயாத மரமே போதும் என்கிறார். ஊரில் தாத்தா மரத்தை வருஷக்கணக்கில் காயவைத்துத்தான் வேலையில் இறங்குவார். இவரை நம்பலாமா?

நம்பலாம். தாத்தா செய்ததும் சரிதான், ஆனால் அது கதவு, ஜன்னலுக்கு. ஓக் காய்வதற்கு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது தோராயக் கணக்கு. எட்டு அங்குலத் தூணுக்கு எட்டு வருஷம் யார் காத்திருப்பது? காய்ந்தபின் உளியும் லேசில் இறங்காது. உங்கள் பக்கத்திலேயே கிரெசிங் டெம்பிள் என்ற இடத்தில், டெம்ப்ளர்கள் என்ற சிலுவைப்போர்க்கால வீரத் துறவிகள் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இரண்டு ஓக் கொட்டகைகள் இன்றும் நிற்கின்றன. ஒரு நடை போய் மூட்டுகளை அண்ணாந்து பாருங்கள்.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். சூட்சுமம் அதில்தான். ஒரு மரத்தின் முனையைச் செதுக்கிய நாக்கை, அதாவது கழுந்தை, இன்னொரு மரத்தில் பொளித்த துளைக்குள் செருகி மர முளை அடிக்கிறோம் அல்லவா? கழுந்தில் முளைக்கான ஓட்டையை, துளை உள்ள மரத்தின் ஓட்டைக்கு நேருக்கு நேர் போடாமல், கழுந்து தொடங்குகிற தோள் பக்கமாக 2, 3 மில்லிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். முனை சீவிய முளை உள்ளே இறங்க இறங்க, மூட்டு தானாக இழுத்து இறுகும். பிறகு மரம் காய்ந்து சுருங்கினாலும் அந்தப் பிடி விடாது. தூணில் நீள வெடிப்பு விழும். பதறிப்போய்ப் புட்டி வைத்து அடைக்காதீர்கள், அது ஓக்கின் சுபாவம்.

சொதப்பல் பெரும்பாலும் பலகையில்தான். ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்த பலகைகளைக் கீழிருந்து மேலாக, ஒன்றின் மேல் ஒன்று 30 மில்லிமீட்டராவது ஏறும்படி அடிக்க வேண்டும். ஒவ்வொரு சட்டத்திலும் பலகைக்கு ஒரே ஆணி. அதுவும் அடிப்பலகையைத் துளைக்காமல், ஏறிய பகுதிக்குச் சற்று மேலே. உறுதிக்கு இன்னொன்று என்று மேலும் கீழும் அடித்தால், சுருங்க வழியில்லாமல் பலகை நடுவில் பிளந்துவிடும். ஆணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடுக்காய்ச் சாறு இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகுமே, அதே துவர்ப்புச் சத்து ஓக்கிலும் உண்டு. சாதா ஆணி அடித்தால் ஒவ்வொன்றின் கீழும் கறுப்புக் கண்ணீர் வழியும், ஆணியும் அரித்துப் போகும். கை கடித்தால் பலகைக்கு மட்டும் லார்ச் என்ற ஊசியிலை மரத்தைப் போடலாம்.

அடிச்சட்டம் மண்ணைத் தொடக் கூடாது. தரையிலிருந்து அரையடி உயரச் செங்கல் கட்டின் மேல் உட்காரட்டும். கவுன்சில் அனுமதியை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், தாத்தாவின் முறைக்கும் இங்கே ஓரிடம் இருக்கிறது. முளைகள் மட்டும் நன்றாகக் காய்ந்த ஓக்காக இருக்க வேண்டும், ரம்பத்தில் அறுக்காமல் நார் போகிற வழியிலேயே பிளந்தவை. சட்டத்துக்கு மரம் வருவதற்குள் அவற்றைப் பிளந்து அடுப்புப் பக்கம் காயப் போட்டுவிடுங்கள்.