வாசகர் கேள்வி-பதில்: தண்ணீரும் தாது உப்பும்

கேள்வி: உடல் கழிவு வெளியேற வேண்டுமென்று வெள்ளரி, புதினா, எலுமிச்சை போட்ட ‘டீடாக்ஸ் வாட்டர்’ குடிக்கிறேன். காலையில் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர், நாள் முழுக்க ஐந்து லிட்டர். உப்பை அறவே விட்டுவிட்டேன். தலைவலியும் குமட்டலும் வருகின்றன. கழிவு வெளியேறுவதால்தான் இப்படி என்கிறார் தோழி. உண்மையா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை. உப்பிலிருந்து கிடைக்கும் சோடியம் ரத்தத்தில் குறைந்திருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். இன்றே அளவைக் குறையுங்கள்.

கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டரளவை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. மற்றது சோடியம், பொட்டாசியத்தோடு ரத்தத்துக்கே திரும்புகிறது. புதினாவும் வெள்ளரியும் தண்ணீருக்கு மணம் தரும், அவ்வளவுதான். நல்ல சிறுநீரகம்கூட மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர்வரைதான் வெளியேற்றும். அதை மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து, செல்களுக்குள் நீர் புகுந்து அவை வீங்கும். மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை. அதனால்தான் தலைவலியும் குமட்டலும் முதலில் வருகின்றன. குழப்பமோ வலிப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு வேளைக்கு ஒரு டம்ளர், நாளுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் போதும். வெயிலில் வேலை என்றால் கூடுதல். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரியான அளவு. (பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போடுபவர்கள் நிறத்தை நம்பக் கூடாது.) உப்பின் உச்சவரம்பு நாளுக்கு 5 கிராம், தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் இருங்கள், பூஜ்யத்துக்குப் போகாதீர்கள். நாளைக்கும் தலைவலி நிற்கவில்லையென்றால் எலெக்ட்ரோலைட் (சோடியம், பொட்டாசியம் போன்ற தாது உப்புகளின் அளவு) ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கட்டட வேலை செய்பவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். பொடியை டம்ளர் டம்ளராகக் கலந்து கொடுக்கிறோம். சரிதானா? இளநீர் கொடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: டம்ளரில் கலக்காதீர்கள். ஒரு லிட்டருக்கான 20.5 கிராம் பொட்டலத்தில் சோடியம் குளோரைடு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. குடலில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்து நுழைகின்றன, தண்ணீர் பின்தொடர்கிறது. அந்த விகிதம்தான் மருந்தே. கரண்டியால் அள்ளினால் ஒரு டம்ளரில் உப்பு மிகும், இன்னொன்றில் சர்க்கரை மிகும். கரைசல் கெட்டியானால் குடலுக்குள் தண்ணீர் இழுக்கப்பட்டு பேதி அதிகமாகும். முழுப் பொட்டலத்தையும் அளந்த ஒரு லிட்டர் குடிநீரில் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

ஆனால் அது வயிற்றுப்போக்குக்கானது. வியர்வைக்கு நீர்மோர் போதும்: 200 மி.லி. தயிர், 800 மி.லி. தண்ணீர், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. அதில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் இருக்கும். ஒரு லிட்டர் வியர்வையில் போவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் சொற்பம். இழந்த உப்பை அது மட்டும் ஈடுகட்டாது. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உப்பு சேர்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். (லிட்டரில் கரைந்துள்ள தாது உப்பு, மி.கி.யில்) 25. மினரல் சொட்டு மருந்து வாங்கலாமா?
– வாசகி, சென்னை

பதில்: தேவையில்லை. லிட்டருக்கு 40 மி.கி. கால்சியம் உள்ள தண்ணீரை இரண்டு லிட்டர் குடித்தாலும் 80 மி.கி.தான் சேரும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. இருக்கிறது. சுவைக்காக வேண்டுமானால் ஆர்.ஓ. கருவியில் உள்ள டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்ற திருகை மெல்லத் திறந்து 100 வரை ஏற்றலாம். அப்படிக் கலப்பது ஆர்.ஓ.வின் வடிகட்டும் சவ்வு வழியே வராத தண்ணீர் என்பதால், ஃபுளோரைடு, நைட்ரேட் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீருக்கு இது கூடவே கூடாது. வரும் தண்ணீரிலேயே டி.டி.எஸ். 500-க்குள் இருந்து, இவையும் வரம்புக்குள் இருந்தால் ஆர்.ஓ.வே வேண்டாம், காய்ச்சிக் குடியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. லோசார்டன் (ரத்த அழுத்த மாத்திரை) சாப்பிடுகிறார். தினமும் இளநீர் தரலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் பார்த்துவிடுங்கள். லோசார்டன் பொட்டாசியத்தை உடலில் தேக்கும். சிறுநீரகமும் மந்தமாக இருந்தால் இளநீர் அதைக் கூட்டி இதயத் துடிப்பைக் குலைக்கலாம். கடையில் விற்கும் ‘லோ சோடியம்’ உப்பிலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பரிசோதனை முடிவு வரும்வரை இளநீரோடு அந்த உப்பையும் நிறுத்துங்கள்.