குயவன் குளவி என்பது ஒரே இனமா, பல இனங்களா?

பல இனங்கள், உலகம் முழுக்க 3,000-க்கும் மேல். கூட்டமாகச் சேராமல், பெரும்பாலும் மண்ணைக் குழைத்துத் தனியாகக் கூடு கட்டும் குளவி வகைக்கு மொத்தமாக வைத்த பெயர் இது. முன்பு தனிக் குடும்பமாகவே வைத்திருந்தார்கள்; அப்புறம் கதண்டு இருக்கும் வெஸ்பிடே குடும்பத்துக்குள் யூமெனினே என்ற துணைக்குடும்பமாகச் சேர்த்தார்கள். உட்காரும்போது இறக்கையை நீளவாக்கில் மடித்துக்கொள்வது இரண்டுக்கும் பொது.

சரி, எல்லாமே பானை செய்யுமா? இல்லை. தக்கலைப் பக்கம் எங்கள் ஓட்டு வீட்டு ஜன்னல் கம்பியில் ஒன்று கட்டியிருந்தது, பதநீர் கலயத்தை நெல்லிக்காய் அளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி, வாய் விளிம்பு விரிந்து அவ்வளவு அழகு. வேறு சில இனங்கள் மூங்கில் துளையையோ பழைய ஆணி ஓட்டையையோ பிடித்து வாயை மட்டும் மண்ணால் அடைக்கும். பானையோ துளையோ, உள்ளே முதலில் ஒரு முட்டையை நூல் போன்ற இழையில் தொங்கவிட்டு, பிறகு கொட்டி மரத்துப்போன புழுக்களை நிரப்பி மூடிவிடும்.

புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவியாக்குகிறது என்று நம் ஊரில் சொல்வது சரியில்லை, வெளியே வருவது அந்த முட்டையில் பிறந்த குளவி, புழு அதற்கு வைத்த சாப்பாடு.