எந்த எடிட்டிங் சொஃப்ட்வெயார் நிலைக்கும்? மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து சில பதில்கள்

மினி டிவி (MiniDV) வீடியோ கசட் காலத்திலிருந்து கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, இடைக்கிடை ஒரு ஆவணப்படம் என்று எடிட் செய்து வருகிறேன். பிரீமியரா, ரிசோல்வா, எடியஸா என்று தனித்தனியாக போன் எடுத்துக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அதனால் கேள்விகளை ஒரே இடத்தில் அனுப்பச் சொன்னேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணன், எட்டு வருசமாக பிரீமியர் புரோவில்தான் வேலை. இப்போது எல்லாரும் டாவின்சி ரிசோல்வுக்குப் போகிறார்கள். பிரீமியர் செத்துப்போகுமா?

சாகாது தம்பி. 1991இல் வந்தது, இதைவிடப் பெரிய போட்டிகளையும் பார்த்துவிட்டது. போட்டோஷொப், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்று பக்கத்துணை இருக்கும்வரை கம்பனிகள் அதை விடமாட்டா. உங்களை யோசிக்க வைக்க வேண்டியது வேறு விசயம், அதன் வாடகை.

2013இல் அடோபி மாதக் காசு முறைக்குப் போனது. அதற்கு முதல் வருசம் வந்த சிஎஸ்6தான் ஒருமுறை காசு கொடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய கடைசிப் பதிப்பு. அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. 2022இல்தான் தெரிந்தது. பிரீமியர் தனியாக மாதம் 20.99 டொலர். டொலர் 200 ரூபாயாக இருக்கும்போது 4,200. அதே வருசம் டொலர் 360ஐத் தொட, 7,500க்கு மேல். அவர்கள் ஒரு சதம்கூடக் கூட்டவில்லை, நம்முடைய ரூபாய்தான் விழுந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, கலியாணங்களும் ஒத்திவைப்பு. ஒரு மாதம் என் கார்டில் காசு எடுபடவில்லை. முடித்துக் கொடுக்க வேண்டிய கலியாணம் ஒன்று டிஸ்கில் இருக்கிறது, புரொஜெக்ட் கோப்பு கண்ணுக்குத் தெரிகிறது, திறக்க முடியவில்லை. பெண்ணின் தகப்பன் கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கிறார். அவருக்கு என்னவென்று விளங்கப்படுத்துவது?

இன்னொன்று. மாதாமாதம் கட்டுகிறோம் என்று நினைத்து பலர் எடுப்பது வருச ஒப்பந்தம். இடையில் விட்டால் அபராதம் உண்டு. இதைச் சரியாகச் சொல்லாமல் மறைத்தார்கள் என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் பரிந்துரையில் அந்நாட்டு அரசு 2024 ஜூனில் அடோபி மீது வழக்கே போட்டது. எடுக்கும் முன் அந்தப் பக்கத்தை முழுதாக வாசியுங்கள்.

உங்களுக்கு மாதம் நாலைந்து வேலை நிச்சயம் என்றால் பிரீமியரிலேயே இருங்கள், கை பழகியது. சீசனுக்கு மட்டும் வேலை என்றால் வேறு ஒன்றையும் பக்கத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

காத்தான்குடியிலிருந்து: ரிசோல்வ் உண்மையிலேயே இலவசமா? ஏன் சும்மா தருகிறார்கள்? நாளைக்குக் காசு கேட்டால்?

இலவசம்தான். ஒரு காலத்தில் டாவின்சி என்றால் லட்சக்கணக்கான டொலர் பெறுமதியான கலர் மெசின், படக் கம்பனிகளின் இருட்டறைக்குள் மட்டும் இருக்கும். அவுஸ்திரேலியாவின் பிளக்மெஜிக் டிசைன் 2009இல் அந்தக் கம்பனியை வாங்கி, 2011இல் இலவசப் பதிப்பை வெளியிட்டது. அவர்களுடைய பிழைப்பு கமரா, கார்ட், கலர் பெனல் விற்பதில். சொஃப்ட்வெயார் பழகினவன் ஒருநாள் கமரா வாங்க வருவான் என்கிற கணக்கு. கடைக்காரர் கதிரை போட்டு தேத்தண்ணி தருவது மாதிரி. குடிப்பதில் பிழையில்லை.

இலவசப் பதிப்பில் 4கே யூஎச்டிக்கு மேல் வெளியே எடுக்க முடியாது, இருட்டில் எடுத்ததில் வரும் புள்ளிகளைக் குறைக்கும் நொய்ஸ் ரிடக்‌ஷன் இல்லை. இரவு நேரத் திருவிழா எடுப்பவர்களுக்கு இரண்டாவது ஒரு குறைதான். ஸ்டூடியோ பதிப்பு ஒருமுறை 295 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 88,500. இரண்டு கணினியில் போடலாம். இதுவரை அடுத்தடுத்த பதிப்புக்குக் காசு வாங்கியதில்லை. நாளைக்குக் கேட்டாலும் கையில் இருக்கிற பதிப்பு பூட்டாது. எனக்கு அது போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. பிரீமியரில் புரொஜெக்ட் ஒரு கோப்பு, நீங்கள் வைத்த இடத்தில் இருக்கும். ரிசோல்வ் அப்படியில்லை. எல்லாப் புரொஜெக்டையும் தன்னுடைய களஞ்சியம் ஒன்றுக்குள் வைத்துக்கொள்ளும், அது வழமையாக சி டிரைவில்தான். எனக்குத் தெரிந்த ஒரு பொடியன் கணினி மெதுவாகிவிட்டது என்று சி டிரைவை ஃபோர்மட் அடித்தான். வீடியோ எல்லாம் டி டிரைவில் பத்திரம், மூன்று கலியாணத்தின் எடிட் போய்விட்டது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் எக்ஸ்போர்ட் புரொஜெக்ட் கொடுத்து அந்தச் சின்னக் கோப்பை வீடியோவோடு சேர்த்து வையுங்கள். அரை நிமிச வேலை.

அக்கரைப்பற்றிலிருந்து: நான் இன்னும் எடியஸ். பொடியன்மார் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். ஜப்பானின் கனோபஸ் செய்து, பிறகு கிராஸ் வெலியின் கைக்குப் போன சாமான் அது. மூன்று விதமான கமராக் கோப்பை ஒரே டைம்லைனில் போட்டு, பழைய கணினியிலும் ரெண்டர் இல்லாமல் ஓட்டும். கலியாண வீட்டு நாலு மணித்தியால வீடியோவுக்கு அதைப் போல வேகமாக வேறொன்றில் எனக்கு வெட்ட வராது. ஒருமுறை வாங்கின பதிப்பு உங்களுடையது. கலர் வேலையில் பின்தங்கியிருக்கிறது, பழகக் காட்டித்தரும் ஆட்களும் குறைந்து வருகிறார்கள், அது உண்மை. முழு நீள வீடியோவை எடியஸில் வெட்டுங்கள், ஐந்து நிமிச ஹைலைட்ஸை மட்டும் ரிசோல்வில் செய்து பாருங்கள். நானும் அப்படித்தான்.

ஆரையம்பதியிலிருந்து: கட்டாரிலிருந்து வரும்போது எம்1 மக்புக் கொண்டு வந்தேன். ஃபைனல் கட் வாங்கலாமா?

வாங்கலாம். மக்குக்கான ஃபைனல் கட் புரோ 299.99 டொலருக்கு 2011இல் வந்தது. அன்று வாங்கினவர்கள் மேற்கொண்டு ஒரு சதம் கட்டாமல் புதிய பதிப்புகளைப் பெற்று வந்திருக்கிறார்கள். எம்1இல் பறக்கும்.

ஆனால் அந்த 2011ஐயும் மறக்க வேண்டாம். ஜூன் மாதம் ஃபைனல் கட் டென் வந்தபோது பழைய ஃபைனல் கட் 7இன் புரொஜெக்டை அது திறக்கவில்லை. மல்டிகமரா இல்லை, வேலையை மற்ற சொஃப்ட்வெயாருக்குக் கொண்டுபோகும் எக்ஸ்எம்எல் இல்லை. பழைய பதிப்பின் விற்பனையையும் அதே நேரம் நிறுத்தினார்கள். உலகம் முழுக்க எடிட்டர்கள் கத்தினார்கள், பலர் பிரீமியருக்கு ஓடினார்கள். மல்டிகமரா அடுத்த வருசம் ஜனவரியில்தான் திரும்பி வந்தது. வாடகை இல்லாத வீட்டிலும் சொந்தக்காரர் ஒருநாள் சுவரை இடிக்கலாம் என்று அன்று கண்டோம். ஐபாட் பதிப்பை 2023இல் மாதச் சந்தாவாகத்தான் விட்டார்கள் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

திருக்கோவிலிலிருந்து ஒரு தங்கச்சி: தமிழ் எழுத்துப் போட்டால் உடைகிறது. எந்த சொஃப்ட்வெயார் தமிழுக்கு நல்லது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பதில்களை எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம். வெள்ளைக்காரன் ஒப்பிடுகிற எந்தப் பட்டியலிலும் இது இருக்காது.

யூனிகோட்டில் ‘கொ’ என்பது கவும் அதற்குப் பின்னால் ஒரு ஒகரக் குறியும். அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் நிறுத்துவது சொஃப்ட்வெயாரின் வேலை. அது தெரியாத சொஃப்ட்வெயார் கொம்பையும் காலையும் எழுத்துக்குப் பின்னால் தொங்கவிடும். சோதிக்க என்னிடம் ஒரு சொல் இருக்கிறது: கொக்கட்டிச்சோலை. கொ, சோ, லை என்று மூன்று இடத்தில் கொம்பும் சுழியும் முன்னுக்கு வரவேண்டும், நடுவில் மூன்று புள்ளியும் உண்டு. எந்தப் பதிப்பானாலும் காசு கொடுக்கும் முன் டைட்டிலில் இந்த ஒரு சொல்லைத் தட்டுங்கள். சரியாக வந்தால் மிச்சமும் வரும். ரிசோல்வில் சாதாரண டெக்ஸ்ட், டெக்ஸ்ட் பிளஸ் இரண்டிலும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள்.

பிரீமியரில் உடைந்தால் பிரிஃபரன்ஸஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் என்று மாற்றுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு அதுவே மருந்து.

பழைய ஆட்கள் ஏன் இன்னும் பாமினி எழுத்துருவை விடவில்லை என்றால், அது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த சாமான், எந்த சொஃப்ட்வெயாரிலும் உடையாது. அழைப்பிதழ் டைட்டிலுக்கு அது போதும். சப்டைட்டிலுக்குப் போட வேண்டாம். எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனதும் அவ்வளவும் ஆங்கிலக் குப்பையாகிவிடும். எதுவுமே சரிவராவிட்டால் ஃபோட்டோஷொப்பில் எழுதி, பின்னணி இல்லாத படமாக எடுத்து வையுங்கள். பழைய வழி, கை கொடுக்கும்.

கல்முனையிலிருந்து: புதுக் கமரா எடுத்தேன், பிரீமியரில் வீடியோ இழுத்து இழுத்து ஓடுகிறது. ரிசோல்வுக்கு மாறவா?

மாறினால் அங்கேயும் இழுக்கும். பெரும்பாலும் நீங்கள் 10 பிட் 4:2:2 எச்.265 என்கிற, நிறத் தகவலைக் கூடுதலாக நெருக்கி அடைத்த வடிவில் எடுக்கிறீர்கள். அதை விரிக்கும் சுற்று இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த, கிராபிக்ஸ் உள்ள சிப்களில் இருக்கிறது. என்விடியா கிராபிக்ஸ் கார்ட்களில் 2025இல் வந்த 50 வரிசைக்கு முதல் இல்லை. அதனால்தான் இரண்டு லட்சம் ரூபாய்க் கார்ட் போட்டவரும் திண்டாடுகிறார். புரொக்ஸி (வெட்டுவதற்கு மட்டும் சின்ன அளவுப் பிரதி) செய்து வெட்டுங்கள். இல்லையென்றால் கமராவில் 4:2:0க்கு மாற்றுங்கள், கலியாண வீட்டுக்கு யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பெயர் வேண்டாம் என்றவர்: கிறாக் (பூட்டு உடைத்த களவுப் பதிப்பு) போட்டால் என்ன?

நானும் போட்டவன்தான், பெரிய மனிசன் மாதிரிப் பேச வரவில்லை. ஒருமுறை கிறாக்கோடு வந்த வைரஸ் ஒரு டிஸ்க்கில் இருந்த அத்தனையையும் பூட்டிவிட்டுக் காசு கேட்டது. இலவசமாக ரிசோல்வ் இருக்கும்போது இப்போது என்ன தேவை?

ஏறாவூரிலிருந்து: மருமகன் கெப்கட்டில் போனிலேயே முடித்துவிடுகிறான். நம்முடைய தொழில் போய்விடுமா?

ரீல்ஸ் வேலை போய்விட்டது, அதை ஒத்துக்கொள்ளுவோம். மருமகனைக் கூட வைத்துக்கொண்டு அந்த வேலையை அவனிடம் கொடுங்கள். ஆனால் அதிலும் நேற்று சும்மா இருந்த எஃபெக்ட் இன்று புரோ பூட்டுக்குள் போகிறது. அதே வாடகைதான், சின்னத் துண்டுகளாக வருகிறது. ஏஐ பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆவணப்படத்துக்கு எடுத்த ஒரு நேர்காணலை எழுத்தாக்கும் கருவி ஒன்றில் போட்டேன். அம்மம்மா நூறு தரம் ‘மறுகா’ (எங்கள் ஊர்ப் பேச்சில் ‘பிறகு’) என்று சொன்னதில் ஒன்றுகூட அதற்குப் பிடிபடவில்லை.

சுவாமி விபுலானந்தா நிறுவக மாணவர்: அவிட் என்கிற எடிட்டிங் சொஃப்ட்வெயார் படிக்க வேண்டுமா?

வெளிநாட்டில் சினிமா, டிவி எடிட்டிங் அறைக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும். இங்கே கேட்பவர் இல்லை.

வாழைச்சேனையிலிருந்து ஒரு ஐயா: 20 வருசக் கசட்டும் டிஸ்கும் இருக்கு மகன். எதை வைக்கிறது, எதை எறியிறது?

ஐயா, புரொஜெக்ட் கோப்புகளை நம்பாதீர்கள். புதிய பதிப்பில் செய்ததைப் பழைய பதிப்பு திறக்காது, பழையதைத் திறக்கப் புதியதற்கும் சிலநேரம் மனம் வராது. வெட்டி முடித்த வீடியோவை நல்ல தரத்தில் ஒன்று, கமராவில் எடுத்த அசல் ஒன்று, இந்த இரண்டும் இருந்தால் எந்த சொஃப்ட்வெயார் போனாலும் பரவாயில்லை. மினி டிவி கசட் ஒரு மணித்தியாலம் 13 ஜிபிதான், இன்றைய டிஸ்கில் அது தூசு. கசட்டைவிட அவசரம் அதை ஓட்டும் பிளேயர். ஹெட் தேய்ந்தால் மாற்ற இப்போது சாமான் கிடைக்காது. ஓடுகிற பிளேயர் ஒன்று கைவசம் இருந்தால் இந்த மாரி தொடங்கும் முன் பூஞ்சணம் பிடிக்காத கசட்டுகளை முதலில் ஏற்றுங்கள். பிடித்ததைப் போட்டால் ஹெட்டும் அழுக்காகி அடுத்த கசட்டும் கெடும். பிளேயரைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் கார்ட் இல்லையென்றால் சொல்லுங்கள், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.